பதிவின் கீழே ஒரு முழுப்பெயர்

கணினியோடு சேர்த்துப் ‘பாதுகாப்பு’ என்ற சொல்லை யாராவது என் முன்னால் சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். சொல்கிறவர் நல்லவராக இருக்கலாம், படித்தவராக இருக்கலாம். அநேகமாக இரண்டுமாகத்தான் இருப்பார். அதுதான் எரிச்சலைக் கூட்டுகிறது. கெட்டவன் என்றால் திட்டித் தீர்த்துவிட்டுப் போகலாம். மரியாதையாகப் பேசி, தேநீர் தந்து, ஒரு பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டு, அந்த வேலைக்குப் பாராட்டும் வாங்கிக்கொண்டவரை என்ன சொல்லித் திட்டுவது?

கடல் வந்துபோன பிறகு எங்கள் மட்டக்களப்பில் எதற்கெடுத்தாலும் திட்டம் என்று சொன்ன காலம் அது. நாவற்குடாவில் பிரதான வீதியைப் பார்த்த ஒரு மேல்மாடி அறையில் நானும் என் தொழில் பங்காளியும் கணினி வேலை செய்துகொண்டிருந்தோம். பங்காளி ஓட்டமாவடிக்காரர், என்னைவிட மூத்தவர். கட்டாரில் ஒரு வங்கியின் சேர்வர்களைக் கட்டி மேய்த்தவர். சுனாமிக்குப் பிறகு சொந்தங்களைப் பார்க்க வந்தார், திரும்பிப் போகவில்லை. எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல நானும் அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவேன். நிவாரண அமைப்புகளுக்கு இணையத்தளம் செய்வது, பழைய பாமினி எழுத்துருவில் அடித்து வைத்ததையெல்லாம் யுனிகோடுக்கு மாற்றிக் கொடுப்பது, கரண்ட் போய்வந்து எரிந்த மெஷின்களைப் பார்ப்பது என்று எங்களுக்கு வேலை கிடைத்துக்கொண்டிருந்தது.

அப்படியிருக்கும்போதுதான் கொழும்பிலிருந்து அந்தக் கம்பனி கூப்பிட்டது. அது எதை விற்கிறது என்று சொல்வதைவிட எதை விற்கவில்லை என்று சொல்வது சுலபம், அவ்வளவு பெரியது. குருக்கள்மடத்துப் பக்கம் கடலோரத்தில் வீடிழந்த சனத்துக்கு வீடு கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த நல்ல காரியத்தை வெளிநாட்டுப் பங்காளர்கள் பார்க்கவேண்டாமா? அதற்கு ஒரு வலைப்பதிவு வேண்டுமாம். அங்கே வேலைசெய்யும் கள உத்தியோகத்தர்கள் ஊரில் நடப்பதைத் தமிழில் எழுதுவார்கள், கொழும்பில் ஒருவர் சரிபார்ப்பார், பிறகு உலகம் வாசிக்கும். எந்த மென்பொருள் நல்லது என்று பார்த்து, பரிந்துரைத்து, நிறுவித் தருவது எங்கள் வேலை.

நாங்கள் சந்தோஷமாகத்தான் கொழும்புக்குப் போனோம். வாசலில் கைத்தொலைபேசியை வாங்கி வைத்தார்கள். காக்காவின் சட்டைப்பையில் இருந்த பென்டிரைவை வாங்கி உறையில் போட்டு ஒட்டினார்கள். லிப்டில் ஒரு காவலாளி கூடவே வந்தான். கூட்ட அறையில் அவர்களுடைய தகவல் பாதுகாப்புப் பொறுப்பாளர் எழுந்து நின்று கைகொடுத்தார். மெலிந்த, தங்கமான மனிதர். குரலை உயர்த்தவே தெரியாது. என்னை ‘மிஸ்’ என்றுதான் கூப்பிட்டார். அவர் பேசியது முழுவதும் ஆங்கிலம். எங்கள் தரவு நாட்டைவிட்டு வெளியே போகக்கூடாது, எங்கள் சேர்வரை யாரும் உடைக்கக்கூடாது, யார் எதைச் செய்தார் என்பது எப்போதும் தெரியவேண்டும் என்றார். எல்லாவற்றுக்கும் நான் தலையாட்டினேன். அவர் சொன்னதில் அன்றைக்கு எனக்கு ஒரு பிழையும் தெரியவில்லை.

ஊருக்கு வந்து வேலையில் இறங்கினோம். அந்தக் காலத்தில் வலைப்பதிவு எழுத மூன்று வழி இருந்தது. ஒன்று, வெளிநாட்டில் இலவசமாகக் கிடைக்கும் சேவை. தேத்தண்ணி ஆறுவதற்குள் திறந்து எழுதத் தொடங்கிவிடலாம், ஆனால் எழுதியது எந்த நாட்டில் கிடக்கிறது என்று கடவுளுக்குத்தான் தெரியும். கம்பனி அதைத் தொடாது. இரண்டாவது, யாரும் இறக்கி நிறுவிக்கொள்ளக்கூடிய இலவச மென்பொருள். நல்ல சாமான்தான். ஆனால் அடிக்கடி ஓட்டை விழும், பார்த்துப் பார்த்து அடைக்கவேண்டும். மூன்றாவது, பெரிய நிறுவனங்களுக்கென்றே விற்கிற கனத்த மென்பொருள். கம்பனியின் ஊழியர் விபரத்தோடு அது தானாக இணையும். வேலைக்குச் சேரும்போது கொடுத்த அதே அடையாளத்தோடு உள்ளே போகவேண்டும். எழுதி அனுப்பினால் பதிவின் கீழே எழுதியவரின் முழுப்பெயர், பதவி, வேலைசெய்யும் ஊர், படம் எல்லாம் தானாக வந்து உட்காரும்.

அந்த வசதியை நிறுத்தமுடியுமா என்று விற்பனைக்காரனிடம் கேட்டேன். “எதற்கு நிறுத்தவேண்டும்? அதற்காகத்தானே எல்லோரும் இதை வாங்குகிறார்கள்?” என்று ஆச்சரியப்பட்டான்.

எதற்கு என்று கொழும்பில் இருப்பவனுக்கு எப்படிச் சொல்வது? அந்த வருஷங்களில் எங்கள் பக்கத்தில் பெயர் என்பது வாயில் வைக்கிற சாமான் இல்லை. பஸ்ஸில் தெரிந்தவரைக் கண்டால் ‘மச்சான்’ என்போம், ‘மாமி’ என்போம், ‘டேய்’ என்றுகூடச் சொல்வோம், பெயர் சொல்லமாட்டோம். தொலைபேசியை எடுத்தால் “நான்தான்” என்போம். குரலைக் கேட்டு ஆளைப் பிடிக்கத் தெரியாதவனோடு பேச்சில்லை. என் தொலைபேசியில் என் சொந்தத் தம்பியின் இலக்கம் ‘மீன் கடை’ என்று இருந்தது. ஒருவருடைய பெயரை முதல் எழுத்திலிருந்து கடைசிவரை சத்தமாக வாசிப்பவன் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையைக் கையில் வைத்திருப்பவன் மட்டும்தான். அல்லது, வீடு தேடி வருகிறவன். எந்தப் பக்கத்தவன் என்று கேட்காதீர்கள். பக்கம் ஒன்றா இரண்டா?

களத்தில் எழுதப்போகிறவர்களுக்கு யுனிகோடில் அடிக்கப் பழக்கியது நான்தான். அவர்களில் ஒரு பிள்ளைக்குத்தான் எழுத்து வந்தது. குருக்கள்மடத்துப் பிள்ளை. சமூக வேலையில் டிப்ளோமா முடித்து, அந்தக் கம்பனியில் முதல் வேலைக்கு வந்தவள். பயிற்சிக்கு மற்றவர்கள் “இன்று கூட்டம் நடைபெற்றது” என்று எழுதினால், அவள் அந்தக் கூட்டத்தில் யார் யாருடன் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தார்கள் என்று எழுதுவாள். புது வீட்டில் அடுப்படிக்குப் புகை போக வழியில்லாததால் பெண்கள் வெளியே கல் வைத்துச் சமைப்பதை எழுதினாள். வாசித்துவிட்டு நான் சிரித்தேன், பிறகு பொறாமைப்பட்டேன்.

பயிற்சி முடிந்த அன்று மற்றவர்கள் போனபிறகும் அவள் நின்றாள்.

“அக்கா, எழுதுறதுக்குக் கீழ என்ட பேரு வருமா?”

“வராமப் பாக்கிறன் புள்ள.”

“வந்தா என்னால எழுத ஒண்ணாக்கா. வீட்டில அம்மாவும் நானும் மட்டுந்தான்.”

அவ்வளவுதான் அவள் கேட்டது. சம்பளம் கூடக் கேட்கவில்லை, கணினி கேட்கவில்லை. பெயர் வரக்கூடாது என்று கேட்டாள்.

அதற்காகவே காக்காவும் நானும் இரண்டாவது மென்பொருளை எடுத்து இழைத்து இழைத்துச் செய்தோம். எழுதும் இடம் கம்பனியின் உள்ளே ஒரு சேர்வரில் இருக்கும், வெளியே இருந்து யாரும் அதைத் தொடமுடியாது. வாசகருக்குப் போவது வேறொரு சேர்வரில் இருக்கும் வெறும் பக்கம் மட்டும், உடைத்தாலும் அதற்குள் எடுப்பதற்கு ஒன்றுமில்லை. பின்னூட்டம் மூடியிருக்கும். எழுதுகிறவர் தனக்குப் பிடித்த ஒரு புனைபெயரை வைத்துக்கொள்வார். யார் அந்தப் பெயர் என்பது கொழும்பில் ஒருவருக்கு மட்டும் தெரிந்திருக்கும். காக்கா சும்மா பாராட்டுகிற ஆள் இல்லை. அவரே, “வங்கிக்குக் குடுத்தாலும் வேணாண்டு சொல்லமாட்டாங்க தங்கச்சி” என்றார்.

இரண்டாவது கூட்டத்தில் இதை எடுத்து வைத்தேன். பாதுகாப்புப் பொறுப்பாளர் கவனமாகக் கேட்டார், குறிப்பெடுத்தார், சேர்வரைப் பிரித்த விதத்தைப் பாராட்டினார். பிறகு பேனையை மூடிவிட்டுச் சொன்னார், “மிஸ், பெயரில்லாத கணக்கு என்பது ஒரு ஓட்டை.”

பெயர் போட்டால் அங்கே ஆபத்து என்றேன். “யாருக்கு ஆபத்து?” என்று கேட்டார். எழுதுகிறவருக்கு என்றேன். கொஞ்சம் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், அதை நான் மறுக்கமாட்டேன். யோசித்துவிட்டு, ஊழியரின் உடல் பாதுகாப்பு தன் பிரிவுக்குள் வராது, அது மனிதவளப் பிரிவின் விஷயம் என்றார். பக்கத்தில் இருந்த விளம்பரப் பிரிவுப் பெண், பெயரும் படமும் இருந்தால்தான் வாசிப்பவர்களுக்கு நம்பிக்கை வரும் என்று சேர்த்துக்கொண்டார். நான் கரடியாய்க் கத்தினேன். குளிரூட்டிய அறையில் கத்துகிறவளை எல்லோரும் பாவமாகப் பார்த்தார்கள். ‘கிழக்கிலிருந்து வந்தவள், பட்டிருப்பாள்’ என்கிற பார்வை. அந்தப் பார்வைக்கு ஒரு அறை விட்டிருக்கலாம்.

வெளியே வந்து தொலைபேசியைத் திருப்பி வாங்கும்போது காக்கா சொன்னார், “பாத்தீங்களா? கதவுக்குப் பத்துப் பூட்டுப் போடுறாங்க. வீட்டில இரிக்கிற ஆள ரோட்டில நிப்பாட்டிப் போட்டுத்தான் பூட்டுறாங்க.”

கனத்த மென்பொருளை வாங்கினார்கள். வேலையை விட்டுவிடலாம் என்றேன். விட்டால் வேறு ஒருவன் செய்வான், உள்ளே இருந்தால் ஏதாவது செய்யலாம் என்றார் காக்கா. இருந்து, அதை நாங்களே நிறுவிக் கொடுத்தோம்.

அது தமிழை விழுங்கிவிட்டது. பதிவு முழுவதும் கட்டம் கட்டமாக வந்தது. அடுத்த பதிப்பில் சரியாகும் என்றான் விற்பனைக்காரன். பெயர் மட்டும் ஊழியர் விபரத்திலிருந்து ஆங்கிலத்தில் வருவதால் கண்ணாடிபோலத் தெரிந்தது. எழுதியது எதுவும் வாசிக்கமுடியாது, எழுதியவர் யார், எங்கே இருக்கிறார் என்பதை மட்டும் உலகமே வாசிக்கலாம். இப்படியொரு வலைப்பதிவைச் செய்ய அவ்வளவு படிக்கவேண்டுமா? நான் தமிழைச் சரிசெய்யும் வேலையை வேண்டுமென்றே இழுத்தடித்தேன். பொறுக்கமுடியாமல் அவர்களே வெளியில் ஆள் பிடித்துச் சரிசெய்தார்கள்.

குருக்கள்மடத்துப் பிள்ளை ஒன்றும் எழுதாமல்தான் இருந்தாள். எழுதும்படி அவளுக்கு மேலிடத்திலிருந்து அழுத்தம் வந்தது. வேலை நிரந்தரமாவது அதில் தங்கியிருக்கிறது என்று ஜாடையாகச் சொன்னார்கள். யோசித்து யோசித்து, ஒருவருக்கும் கோபம் வராத விஷயம் என்று நினைத்து, கடற்கரை மண்மேட்டைப் பற்றி எழுதினாள். கடல் வந்த அன்று மண்மேடு இருந்த இடத்துக்குப் பின்னால் நின்ற வீடுகள்தான் தப்பின. இப்போது அந்த மேட்டை டிரக்டரில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள், அடுத்தமுறை கடல் வந்தால் எதற்குப் பின்னால் நிற்பது என்று கேட்டிருந்தாள். டிரக்டர் யாருடையது என்று எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை. துவக்கு வைத்திருக்கும் ஆயுதக்காரர்களைத் தவிர அந்தக் காலத்தில் வேறு யார் பட்டப்பகலில் மண் அள்ளமுடியும்? கொழும்பில் சரிபார்த்தவருக்கு அது எங்கே தெரியும்? சுற்றாடல் அக்கறை என்று புளகாங்கிதப்பட்டு, முதல் பக்கத்தில் போட்டார். கீழே அவளுடைய முழுப்பெயர், பதவி, ஊர், சிரித்த முகம்.

இரண்டொரு நாளில் மோட்டார் சைக்கிளில் இருவர் குருக்கள்மடத்துச் சந்திக்கு வந்தார்கள். தேத்தண்ணிக் கடைக்கார அம்மாவிடம் அவளுடைய முழுப்பெயரைச் சொல்லி வீடு எங்கே என்று கேட்டார்கள். தகப்பன் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால், பிறப்புச் சான்றிதழில் இருப்பதுபோல ஒரு எழுத்துக் குறையாமல் சொன்னார்களாம். அந்த ஊரில் அவளை யாரும் அப்படிச் சொன்னதில்லை. ‘வாய்க்காலடி வீட்டு மூத்தவ’ என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெயரைக் கேட்டதுமே கடைக்கார அம்மாவுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

“அப்பிடி ஒரு ஆளும் இஞ்ச இல்ல மனே. அங்கால களுவாஞ்சிக்குடிப் பக்கம் கேட்டுப் பாருங்க” என்று தேத்தண்ணியைக் கையில் கொடுத்திருக்கிறார்.

அவர்கள் கிறுகிப் போனதும் பின்வழியால் ஆள் அனுப்பினார். கட்டிய துணியோடு அந்தப் பிள்ளை எங்கள் நாவற்குடா அறைக்கு வந்து ஏறினாள். அழவில்லை. கதிரையில் இருந்து என்னைப் பார்த்து, “பேரு வராதெண்டு சொன்னீங்களேக்கா” என்றாள்.

நான் பாதுகாப்புப் பொறுப்பாளரைத் தொலைபேசியில் பிடித்தேன். நடந்ததைச் சொன்னேன். அதிர்ந்துபோனார். மிகவும் வருந்துவதாகச் சொன்னார். பெயரை உடனே எடுங்கள் என்றேன். பிரசுரமான பதிவில் எழுதியவரின் அடையாளத்தை மாற்ற இந்த மென்பொருள் விடாது மிஸ், அதுதான் அதன் பலமே, விதிவிலக்குக்கு விண்ணப்பித்தால் குழு கூடும்போது பார்க்கலாம் என்றார். குழு எப்போது கூடும்? அடுத்த மாதம். என் வாயில் வந்ததை இங்கே எழுதமுடியாது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “உங்கள் கோபம் புரிகிறது” என்றார்.

தொலைபேசியை வைத்துவிட்டுக் காக்காவைப் பார்த்தேன். நிறுவியவர்கள் என்ற முறையில் நிர்வாகக் கடவுச்சொல் இன்னும் எங்களிடம் இருந்தது. அவர் கதிரையை எனக்கு இழுத்துப் போட்டார். உள்ளே போய், பதிவை மட்டுமல்ல, அந்த வலைப்பதிவையே அடியோடு அழித்தேன். அழித்துவிட்டுத் திரும்பி, “இனி இல்ல, பேரு போயிட்டு” என்று பிள்ளையிடம் சொன்னேன். அப்போதுதான் அவள் தண்ணீர் கேட்டாள்.

அவள் குடித்து முடித்துக் கொஞ்சம் பேசத் தொடங்கியிருந்தபோது பக்கம் திரும்பவும் வந்துவிட்டது. அவர்களுடைய ஏற்பாடு அப்படி. யாராவது கைவைத்தால் மணி அடிக்கும், கைவைத்தவனை வெளியே தள்ளும், பிரதியிலிருந்து எல்லாவற்றையும் இருந்தபடியே எடுத்து நிறுத்தும். மண்மேடு, முழுப்பெயர், ஊர், சிரித்த முகம், எதுவும் குறையவில்லை. என் கடவுச்சொல் செத்துவிட்டது. அன்றைக்கே எங்கள் ஒப்பந்தம் முடிந்ததாகச் சொன்னார்கள். அந்தச் சேர்வர் ஓடிய காலம் முழுவதும் நடந்த ஒரேயொரு தாக்குதல் என்று என் வேலையைத்தான் பதிந்து வைத்திருக்கிறார்கள். அதை வெற்றிகரமாக முறியடித்ததற்காக அந்தப் பொறுப்பாளருக்குப் பாராட்டு விழா எடுத்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். பூமாலை போட்டார்களோ தெரியாது.

பிள்ளையைக் காக்காவின் வீட்டார் ஓட்டமாவடியில் வைத்திருந்தார்கள். அங்கிருந்து பொலன்னறுவை பஸ் ஏற்றிக் கொழும்புக்கு அனுப்பி, காக்கா தன் பழைய சிநேகிதர்களைப் பிடித்து, கட்டாரில் ஒரு வீட்டுக்கு அனுப்பினார். டிப்ளோமா படித்த பிள்ளை, ஊரின் அடுப்படிப் புகையை அப்படி எழுதிய பிள்ளை, யாரோ ஒருவரின் வீட்டில் பாத்திரம் கழுவப் போனாள். குருக்கள்மடத்து வீட்டில் அம்மா தனித்துப்போனார். நான் கிழமைக்கு ஒருதரம் போய்ப் பார்ப்பேன். ஒவ்வொரு முறையும் அவர் கேட்பது மகள் எப்போது வருவாள் என்பதுதான்.

நான் சும்மா இருக்கவில்லை. கம்பனியில் யார் யாருக்கோ எழுதினேன். வெளிநாட்டுப் பங்காளர்களுக்கும் எழுதினேன். அக்கறையோடு பதில் வந்தது, பெயர் போகவில்லை. வீடுகள் கட்டி முடிந்ததும் வலைப்பதிவில் புதிதாக எதுவும் வரவில்லை. ஆனாலும் பழைய பதிவுகளைப் பேணுவது கொள்கை என்று அப்படியே வைத்திருந்தார்கள்.

பிறகு யுத்தம் முடிந்தது. சந்திகளில் வெடி கொளுத்தினார்கள், வீதிக்குப் புதுத் தார் போட்டார்கள், கொழும்பிலிருந்து சுற்றுலா பஸ்கள் வந்தன. மண் ஏற்றியவர்கள் மட்டும் எங்கேயும் போகவில்லை. மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் கெப் வாகனத்தில் போனார்கள், அதில் கொடி பறந்தது, திறப்பு விழாக்களில் முன்வரிசையில் இருந்தார்கள். சமாதானம் வந்துவிட்டதென்று எல்லோரும் சொன்னார்கள்.

அந்த நாட்களில் ஒரு மத்தியானம் கட்டாரிலிருந்து அந்தப் பிள்ளை தொலைபேசி எடுத்தாள்.

“அக்கா, நான்தான். ஒப்பந்தம் முடியுது. இனிப் பிரச்சினை இல்லையெண்டு எல்லாரும் சொல்றாங்க. வரட்டா?”

வா என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அவளே கேட்டாள்.

“அதில என்ட பேரு இன்னும் இருக்காக்கா?”

பொறு என்று சொல்லிவிட்டுக் கணினியில் அவளுடைய முழுப்பெயரை அடித்துத் தேடினேன். முதலாவதாக அதுதான் வந்தது. ஊர் இருந்தது. படம் இருந்தது.

“இருக்கு புள்ள.”

அந்தப் பக்கம் யாரோ ஒருவரின் குழந்தை அழுதது. அதைச் சமாதானப்படுத்திவிட்டு வந்து சொன்னாள், “அப்ப விசா நீட்டியாச்செண்டு அம்மாட்ட சொல்லிடுங்கக்கா.”

பின்னேர பஸ்ஸில் குருக்கள்மடத்துக்குப் போய் அம்மாவிடம் நான்தான் சொன்னேன்.